“இரண்டாவது பூமி எந்தப் பக்கம் இருக்கு மாமா?”

தேரிக்காட்டான் (திசையன்விளை)

போன சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வெளியே தேரியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தி, தெருப் பிள்ளைகளுக்கு வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலு நிலாவும் ஒரே கோட்டில் நின்றன. பிள்ளைகள் முட்டி மோதிப் பார்த்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வரிசையில் நிற்காமல் கைப்பேசியை நீட்டினான். “இரண்டாவது பூமியைக் கண்டுபிடிச்சாச்சுன்னு வாட்ஸப்பில் வந்திருக்கு. அது எந்தப் பக்கம் இருக்கு மாமா?”

படத்தில் நீலக் கடல், வெள்ளை மேகம், ஓரத்தில் பச்சை நிலம். கீழே அந்தக் கோளின் பேர் கெப்ளர்-452பி என்று போட்டிருந்தது.

“இது யாரும் எடுத்த படம் இல்லப்பா, வரைஞ்ச படம்” என்றேன். அவன் முகம் அப்படியே வாடிப்போனது. வீட்டுக்கு வந்தும் எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இழை.

நான் அவனிடம் சொன்னது இதுதான். 2009 மார்ச்சில் கெப்ளர் விண்தொலைநோக்கி மேலே போனது. அன்னம், யாழ் என்ற விண்மீன் கூட்டங்கள் இருக்கும் வானப் பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்மீன்களை நாலு வருஷம் இமை கொட்டாமல் பார்த்தது. கோள் எதையும் அது பார்க்கவில்லை. விண்மீனின் வெளிச்சத்தைத்தான் அளந்தது. அதில் ஒரு விண்மீனின் வெளிச்சம் 385 நாளுக்கு ஒரு தரம், பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு மங்கியதாகத் தெரிந்தது. குறுக்கே ஏதோ போகிறது. மங்கும் அளவை வைத்து அதன் அகலம் பூமியைப்போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கிட்டார்கள். 385 நாள் என்பதை வைத்து விண்மீனிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு வெயில் வாங்குகிறது என்று கணக்கிட்டார்கள். அளந்தது அவ்வளவுதான். கடல், மேகம், பச்சை எதையும் யாரும் அளக்கவில்லை. போதாததற்கு, 2018-இல் வந்த ஆய்வு ஒன்று, அந்த மங்கலே கருவியின் இரைச்சலாக இருக்கலாம், கோள் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டது.

என் கருத்து: படத்தைப் பார்த்து வரும் சந்தோஷத்தைவிட, மங்கலை அளந்ததைத் தெரிந்துகொள்வதில் வரும் சந்தோஷம் பெரியது. ஆனால் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது? முகம் வாடாமல் சொல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

காத்தாடிக்காரன் (பணகுடி)

அண்ணாச்சி, நான் காத்தாடியில், அதாங்க கரண்ட் எடுக்கிற காற்றாலையில், ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன். முழு நிலா கிழக்கே ஏறும்போது எங்கள் காத்தாடி றெக்கை நிலாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் தரையில் நிழல் ஓடும். தலையைக் குனிந்து தரையை மட்டும் பார்த்தாலே எத்தனை விநாடிக்கு ஒரு சுற்று, காற்று கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லிவிடுவேன். றெக்கையைப் பார்க்கவே வேண்டாம்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. பையனை ஒரு முழு நிலா நாளில் இங்கே கூட்டி வாருங்கள்.

தேரிக்காட்டான்

வாரேன் தம்பி. இது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்பை வாசகி

நான் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். அண்ணாச்சி சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். நம் சூரியனையே தூரத்திலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூமி குறுக்கே போனால் வெளிச்சம் பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். பிள்ளைகளுக்குச் சொல்ல: உங்களிடம் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, அதில் 84 பைசா காணாமல் போகிறது. வருஷத்துக்கு ஒரு தரம், அதிகம் போனால் 13 மணி நேரம், அதற்குப் பிறகு 84 பைசா திரும்பி வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வியாழன் போனால் நூறு ரூபாய் குறையும். அது சுலபம்.

இன்னொன்று. பூமி குறுக்கே போவது தெரிய வேண்டுமானால், பார்க்கிறவர் சரியாக நம் பூமி சுற்றும் தளத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு 215-இல் ஒரு வாய்ப்புதான். கெப்ளர் பார்த்த ஒன்றரை லட்சம் விண்மீனுக்கும் ஆளுக்கொரு பூமி இருந்திருந்தால்கூட, கண்ணில் பட்டிருக்கக்கூடியது எழுநூறு அளவுதான். அதிலும் குறைந்தது மூன்று தரம் மங்க வேண்டும், அதாவது மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 2013 மே மாதம் கெப்ளரின் திசை பிடிக்கும் சக்கரங்களில் இரண்டாவதும் கெட்டுப்போய், அந்தத் தேடல் நின்றுபோனது. சூரியன் போன்ற விண்மீன்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தாமாகவே துடித்தன. 84 பைசாவைத் தேடும் இடத்தில் கல்லாவே ஆடினால் என்ன செய்வது?

வயக்காடு (சேரன்மகாதேவி)

எல்லாரும் படித்தவர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இங்கே கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவன் நான். ஆற்றில் குளிக்க இறங்கினால் காலில் சாக்கடை தட்டுகிறது. கையில் இருக்கும் பூமியின் தண்ணீரையே நம்மால் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால் தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? போக முடியுமா? போக முடியாத இடத்தைத் தேட எத்தனை கோடி?

கடையத்தான் (இப்போது பெங்களூரு)

கேள்வி நியாயம் அண்ணாச்சி. மறைக்காமல் சொல்கிறேன். ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கிக்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் ஆனது. போக முடியுமா என்றால், முடியாது. மிகப் பக்கத்தில் இருக்கும் ப்ராக்ஸிமா விண்மீனுக்கு 4.2 ஒளியாண்டு, அதாவது வெளிச்சமே ஓடிச் சேர 4.2 வருஷம் ஆகும். வாயேஜர் விண்கலம் ஓடும் வேகத்தில் போனால் சுமார் 75,000 வருஷம். இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓய்வு வாத்தியார் (பாளையங்கோட்டை)

வயக்காடு தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவன்.

வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் கோலம் போடும்போது சில வருஷம் பளிச்சென்று நிற்குமே, அதுதான். அகலம் பூமியில் 95 சதவீதம். எடை 81 சதவீதம். வேறொரு விண்மீனிலிருந்து கெப்ளர் மாதிரி ஒரு கருவியால் நம்மைப் பார்க்கிறவர்களுக்கு வெள்ளியும் பூமியும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். 84 பைசாவுக்குப் பதில் 76 பைசா, அவ்வளவுதான் வித்தியாசம். அங்குள்ள பத்திரிகைகள் “சூரியனுக்குப் பக்கத்தில் இரண்டு பூமி” என்று போட்டாலும் போடும். ஆனால் வெள்ளியின் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். ஈயம் உருகி ஓடும். காற்றழுத்தம் நம்முடையதைப்போல 90 மடங்கு. காரணம் கரியமில வாயு போர்வையாக மூடிக்கொண்டது.

கரியமில வாயு ஒரு கோளை எந்த அளவுக்குச் சுட வைக்கும் என்பதற்கு வெள்ளியைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஒரே ஒரு வெள்ளியையும் ஒரே ஒரு செவ்வாயையும் வைத்து இவ்வளவு கற்றுக்கொண்டோம். இன்னும் நூறு கோள்களின் காற்றை அளக்க முடிந்தால், நம் பூமி எதனால் தப்பியது, எதில் இடறும் என்று தெரியும். தாமிரபரணியைப் பற்றிய உங்கள் கவலையும் இந்தத் தேடலும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை தம்பி. ஆற்றுக்குச் சாக்கடை வருவதைத் தடுக்க ஜேம்ஸ் வெப் தேவையில்லை, மனசு இருந்தால் போதும். அதற்காக நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன்.

வயக்காடு

வாத்தியார் சொன்னது பாதி மனசுக்கு ஒப்பியது. மீதியை யோசிக்கிறேன். ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் தேடி ஆறாயிரம் கோள் கிடைத்தது என்கிறார்கள். அதில் ஒன்றுகூட நம்முடையது மாதிரி இல்லையென்றால், நம்முடையது மட்டும்தான் இப்படி என்றுதானே அர்த்தம்?

அம்பை வாசகி

அப்படிச் சொல்லிவிட முடியாது அண்ணாச்சி. உவரியில் பெரிய கண் வலையைப் போட்டு இழுத்துவிட்டு, “இந்தக் கடலில் நெத்திலியே இல்லை” என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

1995-இல் மிஷேல் மேயரும் தீதியே கெலோவும் முதலில் கண்டது 51 பெகாசி பி. சூரியன் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் புறக்கோள். வியாழனில் பாதி எடை, ஆனால் நாலே கால் நாளில் ஒரு சுற்று! இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்தை நிறமாலையில் (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்ததில்) பிடித்தார்கள். 2019-இல் நோபல் பரிசு வந்தது. பெரிய கோள், கிட்டத்தில் சுற்றும் கோள், இவைதான் நம் வலையில் முதலில் மாட்டும். வியாழன் சூரியனை விநாடிக்கு 12 மீட்டருக்கு மேல் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது விநாடிக்கு 9 சென்டிமீட்டர்தான். எறும்பு ஊர்கிற வேகத்தை ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து அளக்கிற கதை. அந்த அளவுக்குக் கருவிகள் இப்போதுதான் நெருங்கி வருகின்றன.

காத்தாடிக்காரன்

நம் நாட்டில் யாரும் இதைச் செய்கிறார்களா?

கடையத்தான்

செய்கிறார்கள். ராஜஸ்தான் மவுண்ட் அபுவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பராஸ் என்ற நிறமாலைக் கருவி இருக்கிறது. 2018-இல் அதை வைத்து, சூரியன் மாதிரி விண்மீன் ஒன்றைச் சுற்றும், பூமியைப்போல 27 மடங்கு எடையுள்ள ஒரு கோளை உறுதிப்படுத்தினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பழைய கதை. நம் தமிழ்நாட்டுக் கதை. 1855-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகத்தில் இருந்த ஜேக்கப் என்ற அதிகாரி, 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீன் ஒன்றையொன்று சுற்றுவதில் ஒரு பிசகு இருப்பதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதாலேயே அந்தப் பிசகு என்று எழுதினார். வேறு சூரியனுக்குக் கோள் உண்டு என்று அளவீட்டை வைத்துச் சொன்ன மிக ஆரம்பகாலக் குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது! பிறகு அமெரிக்காவில் ஒருவர் அதே விண்மீனில் அதையே சொன்னார். 1899-இல் மோல்டன் என்பவர், அப்படி ஒரு கோள் இருந்தால் அந்த அமைப்பு நிலைக்கவே நிலைக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஜேக்கப் கண்ட கோள் இல்லாமலே போனது.

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னமும் நிற்கிறது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒருமுறை பார்த்தேன். வழுவழுப்பான தூண், என்னைவிட உயரம். அதில் கையை வைத்தபோது, இந்தக் கல்லைப் பற்றி நின்றவர்கள் 140 வருஷம் முந்திக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டார்களே என்று உடம்பு சிலிர்த்தது. விடை தப்பாகப் போனதில் அவருக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. சந்தேகத்தோடு அளந்தார், அளந்ததை எழுதி வைத்தார், இன்னொருவர் சரிபார்த்தார்.

தேரிக்காட்டான்

கடையத்தான் தம்பி, இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லை. 70 ஓபியூக்கி வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும், ஆடி மாதம் ராத்திரி நம் தலைக்கு நேர் மேலே வரும். இந்த ஆடியில் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் அதைப் பிரித்துக் காட்டுவேன். முதல் தப்புக் கணக்கு இதுதான் என்று சொல்லியே காட்டுவேன்.

ஆழ்வைக்காரி (ஆழ்வார்திருநகரி)

எனக்கு ஒரு ஆசை. பொதிகை மேல் அகத்தியர் இருக்கிறார், வானத்தில் தெற்கே அகத்தியர் மீன் இருக்கிறது என்று ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். தை, மாசியில் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்க்காமல் படுக்க மாட்டேன். அதைச் சுற்றிப் பூமி மாதிரி ஏதாவது இருக்குமா?

அம்பை வாசகி

அக்கா, உங்களுக்கு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அகத்தியர் மீன் 310 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ராட்சசன். சூரியனைப்போல 70 மடங்கு அகலம். அதன் முன்னால் பூமி போனால் குறைவது பைசாக் கணக்கிலேயே வராது. தேடவே முடியாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு பெரிய விண்மீன் சில கோடி வருஷத்தில் எரிந்து தீர்ந்துவிடும். பூமிக்கு 450 கோடி வயசு. உயிர் தழைக்கப் பொறுமையான விண்மீன் வேண்டும்.

ஆனால் நீங்கள் தெற்கே பார்க்கிறவர் என்பதால் சொல்கிறேன், வைகாசி ராத்திரி பத்து மணி வாக்கில் அதே தெற்குத் திசையில், அடிவானத்துக்கு இருபது டிகிரி மேலே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான மீன்கள் நிற்கும். வலது பக்கம் தென்சிலுவை. அந்த இரண்டில் இடது பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி. டெல்லிக்காரர்களுக்கு அடிவானத் தூசிக்குள் மறைந்துகிடப்பது நமக்கு நன்றாக மேலே வருகிறது. தெற்கே பிறந்ததில் நமக்குக் கிடைத்த கொடுப்பினை. அதற்குப் பக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் ப்ராக்ஸிமா இருக்கிறது. ப்ராக்ஸிமாவுக்கு ஒரு கோள் உண்டு என்று 2016-இல் அறிவித்தார்கள். எடை குறைந்தபட்சம் பூமி அளவு. 11 நாளில் ஒரு சுற்று. ஆல்பா சென்டாரியின் பெரிய விண்மீனுக்கும் சனி அளவில் ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் படத்தை வைத்துச் சொன்னார்கள். இன்னும் உறுதியாகவில்லை.

ஆழ்வைக்காரி

வைகாசிக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வயக்காடு

இந்தத் தூரம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒளியாண்டு என்றால் காதில்தான் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. களத்தில் வைத்துக் காட்டுகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்

இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன், அளவோடு சொல்கிறேன். வீட்டில் அரிசி புடைக்கிற சொளகை எடுங்கள். வட்டமாக, 55 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் நல்லது. அது சூரியன். ஒரு மிளகை எடுங்கள். அது பூமி. சொளகைக் களத்தின் இந்த ஓரத்தில் வைத்துவிட்டு மிளகோடு 59 மீட்டர் நடங்கள். அங்கே வையுங்கள். சூரியனும் பூமியும் அவ்வளவுதான்.

இப்போது ப்ராக்ஸிமா. அது சிவப்புக் குள்ளன் என்ற வகைச் சின்ன விண்மீன். இந்தக் கணக்கில் ஒரு விளாம்பழம் அளவு. அதன் மிளகு மூன்றே மீட்டர் தள்ளி. ஆனால் உங்கள் சொளகுக்கும் அந்த விளாம்பழத்துக்கும் நடுவே 15,800 கிலோமீட்டர். பூமியைத் துளைத்து மறுபுறம் வந்து இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. விளாம்பழம் மங்கலானது, சூடு குறைவு. அதனால் குளிர் காய்கிறவன் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி உட்காருவது மாதிரி, அந்த மிளகு மூன்று மீட்டரில் இருந்தால்தான் தண்ணீர் உறையாமல் இருக்கும். அந்தப் பதமான தூரத்தைத்தான் வாழ்தகு மண்டலம் என்கிறார்கள். அதில் இருக்கிறது என்றால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மற்றதெல்லாம் சரியாக அமைந்தால் தண்ணீர் தண்ணீராக நிற்கலாம் என்று மட்டும்தான் அர்த்தம். பத்திரிகைகள் தொண்ணூறு சதவீதம் சறுக்குவது இந்த இடத்தில்.

ஒட்டி உட்காருவதில் வம்பும் உண்டு. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி, அந்தக் கோளும் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றும் என்று நினைக்கிறார்கள். ஒரு பக்கம் எந்நேரமும் உச்சிவெயில். மறுபக்கம் எந்நேரமும் நடுச்சாமம். போதாததற்குச் சிவப்புக் குள்ளர்கள் அடிக்கடி சீறும். அந்தச் சீற்றத்தில் பக்கத்துக் கோளின் காற்று முழுக்க உரிந்துபோயிருக்கலாம்.

கடையத்தான்

அதைத்தான் ட்ராப்பிஸ்ட்-1இல் பார்க்கிறார்கள். நாற்பது ஒளியாண்டில் ஒரு சிறிய சிவப்புக் குள்ளன், பூமி அளவில் ஏழு கோள்கள், 2017-இல் ஏழும் சேர்ந்து அறிவிப்பு வந்தது. உட்புறத்து இரண்டையும் ஜேம்ஸ் வெப் 2023-இல் பார்த்தது. முதலாவதில் காற்று இருக்கும் தடயமே இல்லை. இரண்டாவதில் வெள்ளி மாதிரி கனத்த காற்று இல்லை. பதமான தூரத்தில் இருப்பவற்றில் ட்ராப்பிஸ்ட்-1இ மேல்தான் எல்லாருக்கும் கண். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

காத்தாடிக்காரன்

போன வருஷம் டிவியில் வேற்றுலகத்தில் உயிர் இருக்கிறதுக்கு அடையாளம் என்று சொன்னார்களே, அது என்ன ஆச்சு?

ஓய்வு வாத்தியார்

அது கே2-18பி. 124 ஒளியாண்டு. பூமியைப்போல 2.6 மடங்கு அகலம், 8 மடங்குக்கு மேல் எடை. கேம்பிரிட்ஜில் இருக்கும் நம் நாட்டுக்காரர் நிக்கு மதுசூதனும் அவர் குழுவும் ஜேம்ஸ் வெப்பை வைத்து ஆராய்ந்தார்கள். கோள் குறுக்கே போகும்போது, விண்மீன் வெளிச்சத்தில் கொஞ்சம் கோளின் காற்று வழியாக வடிகட்டி வரும். எந்த நிறம் குறைகிறதோ அதை வைத்து என்ன வாயு என்று சொல்லலாம். 2023-இல் மீத்தேனும் கரியமில வாயுவும் தெரிந்தன. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் சாயலும் தெரிவதாகச் சொன்னார்கள்.

இந்த வாயு உங்களுக்குப் புதிதல்ல. உவரி கடற்கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறுமே கடல் வாடை, அதில் இதற்கும் பங்கு உண்டு. கடலில் மிதக்கும் நுண்பாசியிலிருந்து வருவது. அதனால்தான் உயிரின் அடையாளம் என்ற பேச்சு வந்தது. படித்த அன்றைக்கு எனக்கும் தூக்கம் வரவில்லை. 124 ஒளியாண்டுக்கு அப்பால் உவரி வாடை!

ஆனால் அந்தச் சாயல் தற்செயலாகவே தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொள்ள அறிவியலில் இதைவிடப் பலமடங்கு உறுதி வேண்டும். மற்றக் குழுக்கள் அதே தரவை வேறு விதமாக அலசியபோது அந்த வாயு இருப்பதாகத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் இதே வாயு இருப்பது முன்பே தெரிந்திருக்கிறது. அந்தக் கோளுக்குத் தரை உண்டா, கடல் உண்டா, வெறும் வாயுப் பந்தா என்பதே விவாதத்தில் இருக்கிறது. கடையத்தான் சொன்ன ஜேக்கப் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் தேரிக்காட்டான் தம்பி. பூமி பிறந்த முதல் இருநூறு கோடி வருஷம் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் காலத்தில் யாராவது தூரத்திலிருந்து நம்மைப் பார்த்திருந்தால், “ஆக்சிஜன் இல்லை, அங்கே ஒன்றும் இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த விண்மீனுக்குப் போயிருப்பார்கள். அப்போதும் கடலுக்குள் உயிர் இருந்தது. பூமி மாதிரி என்று சொல்லும்போது எந்தக் காலத்துப் பூமி என்றும் சொல்ல வேண்டும்.

காத்தாடிக்காரன்

இதை நான் யோசித்ததே இல்லை சார். எங்கள் ஷிப்டில் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்.

அம்பை வாசகி

எல்லாரும் பெரிய பெரிய தொலைநோக்கி பற்றிப் பேசுகிறோம். நான் ராத்திரி படுக்கும் முன் அரைமணி நேரம் கைப்பேசியில் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். பிளானட் ஹண்டர்ஸ் என்று ஒரு திட்டம், 2010-இல் கெப்ளர் தரவோடு ஆரம்பித்தது. இப்போது 2018-இல் ஏவிய டெஸ் விண்கலத்தின் தரவு. திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்ச வரைபடம் வரும். எங்கே புள்ளிகள் இறங்குகின்றனவோ அங்கே கட்டம் போட வேண்டும். கணினி தவறவிட்டதைச் சாதாரண ஆட்கள் பிடித்திருக்கிறார்கள். நாலு விண்மீன் உள்ள அமைப்பில் ஒரு கோளை 2012-இல் இப்படித்தான் கண்டார்கள்.

கண் பழக ஒரு வாரம் ஆகும். முதலில் எல்லாமே இறக்கம் மாதிரி தெரியும். அப்புறம் வித்தியாசம் பிடிபடும். கோள் என்றால் இறங்கி, கொஞ்ச நேரம் அடித்தட்டில் சமமாக ஓடி, அப்புறம் ஏறும். தாம்பாளத் தட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தால் பெரும்பாலும் ஆப்பு மாதிரிக் கூராக இறங்கி ஏறும். போன மாதம் ஒன்று சிக்கியது. ஒன்பது நாளுக்கு ஒரு தரம், மூன்று இறக்கம், ஒரே ஆழம். நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். காலையில் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் அடி கூராக இருந்தது. பட்டியலில் தேடினேன், ஏற்கெனவே தெரிந்த இரட்டை விண்மீன். பரவாயில்லை, அன்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தப் பையனுக்கு இதைக் காட்டுங்கள் அண்ணாச்சி.

கடையத்தான்

இதற்குமேல் வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியர்களின் பிளாட்டோ விண்கலம், 26 கேமராக்களோடு, 2026 கடைசியிலோ 2027 தொடக்கத்திலோ ஏவத் திட்டம். கெப்ளர் விட்ட வேலை அதுதான்: சூரியன் மாதிரி விண்மீன், ஒரு வருஷச் சுற்று, நம் மாதிரி கோள். சிலியில் 39 மீட்டர் கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோளையே நேராகப் படம் பிடிக்கும் விண்தொலைநோக்கிக்கும் அமெரிக்கா திட்டம் போடுகிறது. பூமியின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதனால் விண்மீனை மறைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் கருவி வேண்டும். வரும்போது வரட்டும். அப்போது கிடைப்பதும் நீலக் கடல் படமாக இருக்காது, ஒரே ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். அந்தப் புள்ளியைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வயக்காடு

சொளகும் மிளகும் வைத்துப் பார்த்தேன். 59 மீட்டர் நடந்து திரும்பிப் பார்த்தால் சொளகு தெரிகிறது. மறுபடி சொளகுப் பக்கம் வந்து மிளகைத் தேடினேன், வைத்த இடமே தெரியவில்லை. பேத்தி குனிந்து தேடி எடுத்தாள். அந்த மிளகில்தான் இத்தனை வயலும் இத்தனை ஆறும் இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆற்று விஷயமாக வாத்தியார் வருகிறேன் என்று சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தேரிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. பையனோடு இந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வராந்தாவில் பால் வெள்ளை உருண்டை விளக்கு இருக்கிறது, 15 சென்டிமீட்டர் அகலம். ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சத்தை உணரும் பத்து ரூபாய் எல்.டி.ஆர் ஒன்றை மல்டிமீட்டரில் மாட்டி வைத்தோம். வெளிச்சம் குறைந்தால் எண் கூடும். சும்மா இருக்கும்போது 1520, இரண்டு எண் அப்படியும் இப்படியும் ஆடியது. ஒன்றரை சென்டிமீட்டர் கோலிக்குண்டை நூலில் கட்டி விளக்கு முன்னால் கொண்டுபோனோம். 1531. எடுத்ததும் 1520. பையன் பத்துத் தரம் செய்து பார்த்தான், ஒவ்வொரு தரமும் ஏறி இறங்கியது. “இது வியாழன்” என்றேன். நூறு ரூபாய் என்று அவனே சொன்னான்.

அப்புறம் ஒரு கடுகைக் கோந்து வைத்து நூலில் ஒட்டினோம். இந்த விளக்குக்குக் கடுகுதான் பூமி. கொண்டுபோனால் எண் அசையவே இல்லை. 1519, 1521, 1520, கடுகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஆட்டம். முகம் வாடும் என்று பயந்தேன். அவன் வாடவில்லை. “ஆட்டத்துக்குள்ளே ஒளிஞ்சிருக்கு மாமா. நிறைய தரம் எடுத்துச் சராசரி போட்டா வெளியே வரும்ல?” என்றான்.

கடையத்தான் தம்பி, எத்தனை தரம் எடுக்க வேண்டும் என்று அவன் கேட்கிறான்.

கடையத்தான்

உங்கள் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் பல ஆயிரம் தரம், கடுகோடு பாதி, கடுகில்லாமல் பாதி, மாற்றி மாற்றி. அதற்கும் முன்னால் விளக்கைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் கரண்ட் ஏறி இறங்கும், அதற்கேற்ப விளக்கும் துடிக்கும். அம்பை வாசகி சொன்ன கல்லா ஆடுகிற கதைதான். விளக்கை பேட்டரியில் போடச் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்

சொன்னேன். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். 160 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு பக்கத்துக்கு நாற்பது எண். இன்றைக்கு ராத்திரி எதிர்க்கடை விளக்கு அணைந்த பிறகு ஆரம்பிக்கிறோம்.